அணிக்கோவை: நிரை நீக்கத்தில் விடை தப்புவது எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

நிரைச் செயல்களைக் கொண்டு அணிக்கோவையின் (சதுர அணி ஒன்றுக்கு உரிய எண்மதிப்பு) மதிப்பைக் காண்பது பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். நிரை நீக்கம் என்பது, இச்செயல்களால் மூலைவிட்டத்துக்குக் கீழே உள்ளவற்றைப் பூச்சியமாக்கி அணியை முக்கோண வடிவத்துக்குக் கொண்டுவருவது. அந்த வடிவத்தில் மூலைவிட்ட எண்களின் பெருக்கலே அணிக்கோவை. முதல் நிரையை நி1, இரண்டாவதை நி2 என்று சுருக்கி எழுதுகிறோம். அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது மாறப்போகும் நிரை. வலப்பக்கம் இருப்பது அதன் இடத்துக்கு வரும் புது நிரை.

கேள்வி: கீழே உள்ள அணியை இணைக்காரணி முறையில் விரித்தால் −13 வருகிறது. நிரை நீக்கம் செய்தால் −260 வருகிறது. மூன்று முறை திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன், கூட்டல் கழித்தலில் பிழை இல்லை.

2  1  3
3  4  −1
5  2  6

நான் செய்தது: நி2 → 2நி2 − 3நி1, நி3 → 2நி3 − 5நி1, பிறகு நி3 → 5நி3 + நி2. மூலைவிட்டத்தில் 2, 5, −26 கிடைத்தன. பெருக்கினால் −260. எங்கே தவறினேன்?

பதில்: உங்கள் கூட்டல் கழித்தல் சரிதான். ஆனால் 2நி2 − 3நி1 என்று எழுதும்போது இரண்டு வேலைகள் ஒரே வரியில் நடந்துவிடுகின்றன. முதலில் நி2-ஐ 2-ஆல் பெருக்குகிறீர்கள். அதன்பின் நி1-இன் 3 மடங்கைக் கழிக்கிறீர்கள். கழித்ததால் அணிக்கோவை மாறாது. பெருக்கியதால் அது இரட்டிப்பாகிவிட்டது. நி3-க்கும் அப்படியே, இன்னொரு 2. கடைசியில் 5நி3 என்று எழுதியபோது ஒரு 5. மொத்தம் 2 × 2 × 5 = 20 மடங்கு. −260-ஐ 20-ஆல் வகுத்தால் −13 வந்துவிடுகிறது.

சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்க்கும்போது இப்படிப் பெருக்கிப் பழகியிருப்போம். அங்கே ஒரு சமன்பாட்டை இருபுறமும் 2-ஆல் பெருக்கினால் தீர்வு மாறாது, எனவே பெருக்கியதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அணிக்கோவையில் அந்தப் பெருக்கல் எண்ணுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். எனவே ஒரு விதி: அம்புக்குறிக்கு இடப்பக்கம் உள்ள நிரை, வலப்பக்கத்தில் குணகம் 1 உடன் மட்டுமே வர வேண்டும். நி2 → நி2 − (3/2)நி1 என்றால் தொல்லை இல்லை. 2நி2 என்று தொடங்கினால், அந்தக் கணமே ஓரத்தில் "÷ 2" என்று எழுதிவிடுங்கள்.

விதிப்படி செய்தால் நி2 = (0, 5/2, −11/2), நி3 = (0, −1/2, −3/2). பிறகு நி3 → நி3 + (1/5)நி2 செய்தால் கடைசி உறுப்பு −13/5. மூலைவிட்டப் பெருக்கல்: 2 × 5/2 × (−13/5) = −13.

இந்த அணியில் பின்னமே இல்லாத வழியும் ஒன்று இருக்கிறது. மூன்றாம் நிரையை முதல் நிரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நி3 → நி3 − 2நி1 செய்தால் நி3 = (1, 0, 0)! இனி நீக்கவே வேண்டாம். மூன்றாம் நிரை வழியாக விரித்தால் 1 × (1 × (−1) − 3 × 4) = −13. பேனாவை எடுக்குமுன் அரை நிமிடம் அணியைப் பார்ப்பது வீண்போகாது. மேல் இடது மூலையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கேள்வி: ஒரு நிரையின் மடங்கை இன்னொன்றோடு கூட்டினால் அணிக்கோவை மாறாது, இரண்டு நிரைகளை இடம் மாற்றினால் மட்டும் குறி மாறும் என்கிறார்கள். மனப்பாடம் செய்யாமல் இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: 2 × 2 அணியின் இரு நிரைகளையும் ஓர் இணைகரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களாக எண்ணிக்கொள்ளுங்கள். அணிக்கோவை என்பது அதன் பரப்பு, குறியோடு சேர்த்து. ஒரு பக்கத்தை அடிப்பக்கமாக வைத்து, மேல் பக்கத்தை அதற்கு இணையாகச் சறுக்கிவிட்டால் உருவம் சாயும். அடியும் உயரமும் மாறாததால் பரப்பு அப்படியே இருக்கும். நிரையின் மடங்கைக் கூட்டுவது இந்தச் சறுக்கல்தான். ஒரு பக்கத்தை 2 மடங்காக நீட்டினால் பரப்பும் 2 மடங்காகும். அதுதான் பெருக்கல் விதி. 3 × 3 என்றால் இணைகரத்திண்மத்தின் கன அளவு.

குறி மாறுவதை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. கூட்டல் விதியிலிருந்தே அது கிடைத்துவிடும். இரண்டு நிரைகள் ப, ம என்று இருக்கட்டும். இரண்டாவதோடு முதலாவதைக் கூட்டுங்கள்: ப, ம + ப. இப்போது முதலாவதிலிருந்து புதிய இரண்டாவதைக் கழியுங்கள்: −ம, ம + ப. மறுபடி இரண்டாவதோடு முதலாவதைக் கூட்டுங்கள்: −ம, ப. மூன்று செயல்களும் சறுக்கல்களே, மதிப்பு மாறவில்லை. நிரைகளோ இடம் மாறிவிட்டன, ஒன்று மட்டும் எதிர்க்குறியோடு. அந்தக் கழித்தல் குறியை வெளியே எடுத்தால், வெறுமனே இடம் மாற்றியதன் விளைவு −1 என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: 4 × 4 அணியில் மேல் இடது மூலையிலேயே 0 இருந்தால் எப்படித் தொடங்குவது? ஒவ்வொரு படியாகக் காட்ட முடியுமா?

பதில்: காட்டுகிறோம்.

0  1  2  −1
1  2  0  3
2  3  1  4
3  5  −1  6

எந்த உறுப்பைக் கொண்டு கீழே உள்ளவற்றை நீக்குகிறோமோ அதைப் பிவட் என்பார்கள். பிவட் 0 ஆக இருக்க முடியாது. நி1-ஐயும் நி2-ஐயும் இடம் மாற்றுங்கள். ஓரத்தில் ஒரு "−" குறி.

1  2  0  3
0  1  2  −1
2  3  1  4
3  5  −1  6

நி3 → நி3 − 2நி1 = (0, −1, 1, −2). நி4 → நி4 − 3நி1 = (0, −1, −1, −3). இரண்டாம் பிவட் 1. நி3 → நி3 + நி2, நி4 → நி4 + நி2.

1  2  0  3
0  1  2  −1
0  0  3  −3
0  0  1  −4

இங்கே பலர் 3-ஐ வைத்துக்கொண்டு 1/3 பின்னத்துக்குப் போவார்கள். தேவையில்லை. நி3, நி4 இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஓரத்தில் இரண்டாவது "−". பிறகு நி4 → நி4 − 3நி3 = (0, 0, 0, −3 + 12) = (0, 0, 0, 9). மூலைவிட்டம் 1, 1, 1, 9. இரண்டு இடமாற்றங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டன. விடை 9.

இடம் மாற்றாமலும் போகலாம். நி3-இலிருந்து 3-ஐ வெளியே எடுத்தால் அது (0, 0, 1, −1). நி4 → நி4 − நி3 = (0, 0, 0, −3). மூலைவிட்டப் பெருக்கல் −3. வெளியே எடுத்த 3. முதல் இடமாற்றத்தின் −1. மூன்றையும் பெருக்கினால் அதே 9.

பிவட் வர வேண்டிய இடமும் 0, அதற்குக் கீழே உள்ளவை எல்லாமும் 0 என்றால்? அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். அணிக்கோவை 0. மேற்கொண்டு செய்ய ஒன்றுமில்லை.

இடமாற்றத்தில் ஒரு நுட்பமான பிழையும் நேரும். மூன்றாம் நிரையைத் தூக்கி மேலே வைத்து மற்ற இரண்டையும் ஒரு படி கீழே தள்ளினால் அது ஒரு மாற்றம் போலத் தோன்றும். உண்மையில் அடுத்தடுத்த நிரைகளின் இரண்டு இடமாற்றங்கள், குறி மாறாது. நான்காம் நிரையை அப்படி மேலே கொண்டுபோனால் மூன்று இடமாற்றங்கள், குறி மாறும்.

கேள்வி: அணியை முழுவதும் குறைத்து அலகு அணியாக்கிவிட்டேன் (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடங்களில் 0). அலகு அணியின் அணிக்கோவை 1. ஆக என் அணியின் அணிக்கோவையும் 1 தானே?

பதில்: இல்லை. அணிக்கோவை 0 ஆகாத எந்தச் சதுர அணியைக் குறைத்தாலும் கடைசியில் அலகு அணிதான் வரும். 9 உள்ள அணியும் அங்கேதான் முடியும், −13 உள்ளதும் அங்கேதான் முடியும். வழியில் எந்தெந்த எண்களை நிரைகளிலிருந்து வெளியே எடுத்தீர்கள், எத்தனை முறை இடம் மாற்றினீர்கள் என்ற கணக்கில்தான் விடை இருக்கிறது. கணிப்பானில் குறைத்த ஏறுபடி வடிவத்துக்கான பொத்தானை அழுத்தினால் அந்தக் கணக்கு உங்கள் கண்ணில் படாது. எனவே அந்த வடிவத்தைப் பார்த்து, அணிக்கோவை பூச்சியமா இல்லையா என்பதை மட்டும்தான் சொல்ல முடியும். முக்கோண வடிவம் வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். மேற்பகுதியில் உள்ள எண்களைப் பூச்சியமாக்கும் உழைப்பு அணிக்கோவைக்குத் தேவையே இல்லை.

கேள்வி: நி1 → நி1 − நி2, நி2 → நி2 − நி3, நி3 → நி3 − நி1 ஆகிய மூன்றையும் ஒரே படியில் செய்தேன். விடை 0 என்று வந்தது. பாடநூல் விடை 0 இல்லை. மூன்றுமே அனுமதிக்கப்பட்ட செயல்கள்தானே?

பதில்: தனித்தனியாக மூன்றும் சரி. ஒரே படியில் எழுதும்போது மூன்றாவது செயலில் பழைய நி1-ஐப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அதற்குள் நி1 மாறிவிட்டிருக்க வேண்டும்! பழையதையே பயன்படுத்தினால் புதிய மூன்று நிரைகளின் கூடுதல் (நி1 − நி2) + (நி2 − நி3) + (நி3 − நி1) = 0. நிரைகள் ஒன்றையொன்று சார்ந்துவிடுகின்றன. எந்த அணியை எடுத்தாலும் இந்தப் படிக்குப் பிறகு 0 தான் வரும்.

அலகு அணியிலேயே சோதித்துப் பாருங்கள். தவறான வழியில் (1, −1, 0), (0, 1, −1), (−1, 0, 1): மதிப்பு 0. சரியான வழியில் மூன்றாவது நிரை, புதிய நி1-ஐக் கழித்ததால், (−1, 1, 1): மதிப்பு 1.

ஒரே படியில் பல செயல்களைச் செய்ய வேண்டுமானால் ஒரு பாதுகாப்பு உண்டு. எந்த நிரையைக் கழிக்கப் பயன்படுத்துகிறீர்களோ அது அந்தப் படியில் மாறாமல் இருக்கட்டும். நி2 → நி2 − 4நி1, நி3 → நி3 − 7நி1 என்று நி1 அசையாமல் இருந்தால் எத்தனை நிரைகளையும் சேர்த்தே மாற்றலாம்.

கேள்வி: பின்னங்கள் வந்தாலே பிழை வந்துவிடுகிறது. உறுப்புகள் எல்லாம் முழு எண்கள் என்றால் பின்னமே இல்லாமல் செய்ய முறை உண்டா?

பதில்: உண்டு, அழகான முறை. எர்வின் பேரைஸ் 1968-இல் வெளியிட்ட கட்டுரையால் இது அவர் பெயரிலேயே வழங்குகிறது. பிவட்டுக்குக் கீழேயும் வலப்புறமும் உள்ள ஒவ்வோர் உறுப்பையும் இப்படி மாற்றுங்கள்: பிவட்டை அந்த உறுப்பால் பெருக்கி, அதே நிரையில் பிவட்டின் நிரலில் உள்ள எண்ணையும் அதே நிரலில் பிவட்டின் நிரையில் உள்ள எண்ணையும் பெருக்கிக் கழியுங்கள். வந்ததை முந்தைய படியின் பிவட்டால் வகுங்கள். முதல் படிக்கு முந்தைய பிவட் இல்லாததால் அங்கே 1-ஆல் வகுப்பதாகக் கொள்ளலாம். வகுத்தல் எப்போதும் மீதியின்றிப் போகும்.

முதல் கேள்வியின் அணியிலேயே செய்வோம். பிவட் 2. முதல் படியில் 2 × 4 − 3 × 1 = 5; 2 × (−1) − 3 × 3 = −11; 2 × 2 − 5 × 1 = −1; 2 × 6 − 5 × 3 = −3. இரண்டாம் படியில் பிவட் 5: 5 × (−3) − (−1) × (−11) = −26. முந்தைய பிவட் 2-ஆல் வகுத்தால் −13.

முதல் கேள்வி கேட்டவரின் தாளில் இருந்த அதே 5, −11, −1, −3, −26 இங்கேயும் வந்திருப்பதைக் கவனியுங்கள். அவர் செய்த குறுக்குப் பெருக்கல் தவறான யோசனை அல்ல. வகுக்க மறந்ததுதான் குறை. இன்னொரு வேறுபாடும் முக்கியமானது: இந்த முறையில் கடைசி மூலையில் நிற்கும் எண்ணே அணிக்கோவை. மூலைவிட்டத்தைப் பெருக்கக் கூடாது. பெருக்கிவிடுபவர்கள் நிறையப் பேர்.

4 × 4 என்றால் மூன்றாம் படியில், முதல் படியை முடித்தபோது கிடைத்த பிவட்டால் (மேலே உள்ள கணக்கில் அது 5) வகுக்க வேண்டும். வகுத்தலில் மீதி வந்தால் அதற்கு முன்னால் எங்கோ பிழை. இப்படிச் சரிபார்ப்பும் தானாகவே கிடைத்துவிடுகிறது. பிவட் 0 ஆனால் வழக்கம்போல நிரையை இடம் மாற்றிக் குறியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உறுப்புகளில் எழுத்துகள் இருந்தால்? மூலைவிட்டத்தில் க, மற்ற இடங்களில் எல்லாம் 1 உள்ள 3 × 3 அணியில் நி2 → நி2 − (1/க)நி1 என்று தொடங்கிச் சிக்கிக்கொண்டேன்.

பதில்: க-வால் வகுத்த அந்த நிமிடமே "க பூச்சியம் அல்ல" என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். க = 0 என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டிவரும். எழுத்துள்ள அணிகளில் வகுக்காமல் பொதுக் காரணியை வெளியே எடுப்பதே நல்லது. இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. ஒரு நிரை முழுவதும் (க + 2) என்ற காரணி இருந்தால் அதை வெளியே எடுத்து எழுதுவது க = −2 ஆக இருந்தாலும் செல்லும்; இருபுறமும் 0 தான். வகுத்தல் அப்படிச் செல்லாது.

இந்த அணியில் ஒவ்வொரு நிரலின் கூடுதலும் க + 2. எனவே நி1 → நி1 + நி2 + நி3 செய்தால் முதல் நிரை முழுக்க க + 2 ஆகும். அதை வெளியே எடுத்தால் நி1 = (1, 1, 1). அடுத்து நி2 → நி2 − நி1 = (0, க − 1, 0); நி3 → நி3 − நி1 = (0, 0, க − 1). விடை (க + 2)(க − 1)². க = 0 போட்டால் 2 வருகிறது; மூலைவிட்டத்தில் 0, மற்றவை 1 உள்ள அணியை விரித்துப் பார்த்தாலும் 2 தான்.

பொதுக் காரணி எடுப்பது பற்றி இன்னொரு சொல்: அணியின் எல்லா உறுப்புகளிலும் 2 பொதுவாக இருந்தால் 3 × 3 அணிக்கோவையிலிருந்து வெளியே வருவது 2 அல்ல, 8. நிரைக்கு ஒரு 2. அணிகளைப் பெருக்கும் பழக்கத்தில் ஒரே ஒரு 2-ஐ வெளியே எடுத்துவிடுகிறோம்.

கேள்வி: நிரல்களிலும் இதே செயல்களைச் செய்யலாமா? நிரையையும் நிரலையும் கலந்து செய்யலாமா?

பதில்: அணிக்கோவைக்குச் செய்யலாம், கலந்தும் செய்யலாம். நிரை நிரல் மாற்று அணியின் அணிக்கோவை மாறாததால் விதிகள் இரண்டு பக்கமும் ஒன்றே. ஆனால் இந்தச் சுதந்திரத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பக்கத்தில் அலகு அணியை வைத்து நேர்மாறு காணும்போது நிரைச் செயல்கள் மட்டும்தான். சமன்பாட்டுத் தொகுப்பில் நிரல் என்பது ஒரு மாறி. அங்கே நிரல்களைக் கலந்தால் மாறிகளே வேறாகிவிடும்.

கேள்வி: 3 × 3-க்கு விரித்தாலே போதுமே. இந்த முறை எப்போது லாபம்?

பதில்: 3 × 3 வரை உங்கள் கைக்கு எது பழக்கமோ அதுவே நல்லது. 4 × 4-இலிருந்து நிலைமை மாறுகிறது. முழுதாக விரித்தால் 4 × 4-இல் 24 உறுப்புகள், 5 × 5-இல் 120 உறுப்புகள். ஒவ்வொன்றிலும் 4 பெருக்கல் என்றால் 5 × 5-க்கு 480 பெருக்கல்கள். நிரை நீக்கத்தில், கடைசி மூலைவிட்டப் பெருக்கலையும் சேர்த்து, பெருக்கலும் வகுத்தலுமாக 44 போதும். 10 × 10-இல் விரிவுக்கு 3,26,59,200 பெருக்கல்கள், நீக்கத்துக்கு 339. 20 × 20-ஐ விரிக்க, நொடிக்கு நூறு கோடி பெருக்கல் செய்யும் கணினியை அமர்த்தினாலும் ஏறத்தாழ 1,460 ஆண்டுகள் ஆகும். நீக்கத்தில் 2,679 செயல்களில் முடிந்துவிடும்.

கையால் செய்யும்போது இரண்டையும் கலப்பதுதான் புத்திசாலித்தனம். ஒரு நிரலில் ஒன்றைத் தவிர மற்றவற்றைப் பூச்சியமாக்கி, அந்த நிரல் வழியாக விரித்து, அளவை ஒன்று குறையுங்கள். 3 × 3 வந்ததும் நேரடியாக விரித்துவிடலாம்.

சாய்கோடுகள் போட்டுப் பெருக்கும் சாரஸ் விதியை 4 × 4-க்கு நீட்டுபவர்களையும் பார்க்கிறோம். அப்படிச் செய்தால் 8 உறுப்புகள் மட்டுமே கிடைக்கும், தேவை 24. அந்த விதி 3 × 3-க்கு மட்டும்.

கேள்வி: அணி முதலில் வந்ததா, அணிக்கோவை முதலில் வந்ததா?

பதில்: அணிக்கோவைதான். ஜப்பானில் செகி தகாகசு 1683-இலும், ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் 1693-இலும், ஒருவரையொருவர் அறியாமலே இந்தக் கருத்தை எட்டினார்கள். அணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை சில்வெஸ்டர் 1850-இல்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நீக்கல் முறை இரண்டுக்கும் மூத்தது. காஸ் பெயரால் அழைத்தாலும், சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட சீனக் கணித நூலான 'ஒன்பது அத்தியாயங்கள்' அதை எண்களோடு செய்து காட்டுகிறது.

கேள்வி: விடை சரியா என்று மறுபடி முழுதும் போடாமல் சோதிக்க வழி உண்டா?

பதில்: இரண்டு வழிகள் சொல்கிறோம். இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலான பிழைகள் பிடிபடும்.

ஒன்று, கூடுதல் நிரல். அணிக்கு வலப்பக்கம் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு நிரையின் கூடுதலையும் எழுதுங்கள். நிரைக்குச் செய்யும் எல்லாவற்றையும் அந்த எண்ணுக்கும் செய்யுங்கள். மேலே கண்ட 4 × 4 அணியில், முதல் இடமாற்றத்துக்குப் பின் கூடுதல்கள் 6, 2, 10, 13. நி3 → நி3 − 2நி1 செய்தபோது 10 − 12 = −2. புதிய நிரையான (0, −1, 1, −2)-இன் கூடுதலும் −2. பொருந்துகிறது. நி4-க்கு 13 − 18 = −5; (0, −1, −1, −3)-இன் கூடுதலும் −5. பொருந்தாத இடத்தில்தான் பிழை. தாள் முழுதும் தேட வேண்டாம். ஆனால் இந்தச் சோதனை கூட்டல் கழித்தல் பிழையை மட்டுமே பிடிக்கும். 2நி2 என்று பெருக்கிவிட்டு வகுக்க மறந்ததையோ, இடமாற்றத்தின் குறியை விட்டதையோ அது காட்டாது.

அதற்குத்தான் இரண்டாவது: ஒற்றைப்படை, இரட்டைப்படைச் சோதனை. உறுப்புகள் முழு எண்கள் என்றால் இரட்டைப்படைக்கு 0, ஒற்றைப்படைக்கு 1 போட்டு அணியை மறுபடி எழுதி விரியுங்கள். முதல் கேள்வியின் அணி (0, 1, 1), (1, 0, 1), (1, 0, 0) ஆகிறது. மூன்றாம் நிரை வழியே விரித்தால் 1. எனவே உண்மையான விடை ஒற்றைப்படையாக இருந்தே ஆக வேண்டும். −260 இரட்டைப்படை, பார்த்தவுடன் தவறு என்று சொல்லிவிடலாம். −13 தேறுகிறது. +13-உம் தேறிவிடும் என்பது இதன் குறை. குறியைப் பிடிக்க 3-ஆல் வகுத்த மீதிகளைக் கொண்டு இதையே செய்ய வேண்டும்: −13-க்கு மீதி 2, 13-க்கு மீதி 1.

கேள்வி: (1, 2, 3), (4, 5, 6), (7, 8, 9) என்ற நிரைகள் கொண்ட அணிக்கு அணிக்கோவை 0. பைத்தானில் போட்டால் 0-க்குப் பதில் 10⁻¹⁶ அளவில் ஏதோ ஓர் எண் வருகிறது. கணினிக்குத் தெரியாதா?

பதில்: கணினி செய்வதும் நிரை நீக்கம்தான். ஆனால் அது நிரலில் மிகப் பெரிய எண்ணைப் பிவட்டாக எடுக்கும். எனவே 7, 8, 9 மேலே போய்விடும். கழிக்க வேண்டிய மடங்குகள் 1/7, 4/7 ஆகும். இவற்றை இரும எண்ணில் முடிவாக எழுத முடியாது. சுமார் 16 இலக்கத்தோடு வெட்டப்படும். அந்த வெட்டின் மிச்சம்தான் நீங்கள் பார்த்தது. கையால் 1-ஐப் பிவட்டாக வைத்தால் மடங்குகள் 4, 7 என்று முழு எண்கள். மிச்சம் இல்லாமல் 0 வந்துவிடும்.

அப்படியானால் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பது தவறா என்று கேட்கத் தோன்றும். இந்த அணியைப் பாருங்கள்:

10⁻²⁰  1  1
1  1  2
1  3  1

உண்மையான அணிக்கோவை ஏறத்தாழ 3. முதல் உறுப்பையே பிவட்டாக வைத்தால் நி2-இலிருந்தும் நி3-இலிருந்தும் நி1-இன் 10²⁰ மடங்கைக் கழிக்க வேண்டும். 1 − 10²⁰, 2 − 10²⁰, 3 − 10²⁰ எல்லாமே 16 இலக்கத்தில் −10²⁰ தான். 1, 2, 3 என்ற வேறுபாடு கரைந்துவிடுகிறது. இரண்டு நிரைகளும் ஒன்றாகி, விடை 0 என்று வரும். 3-க்குப் பதில் 0! நிரையை இடம் மாற்றி 1-ஐப் பிவட்டாக வைத்திருந்தால் இந்த விபத்து இல்லை. முன்னதில் வந்த 10⁻¹⁶ சின்ன விலை.

அதனால் கணினியில் "அணிக்கோவை 0-க்குச் சமமா" என்று நேரடியாகச் சோதிக்காதீர்கள். "மிகச் சிறியதாக இருந்தால் பூச்சியம்" என்றும் கொள்ளாதீர்கள். மூலைவிட்டத்தில் 0.1 மட்டும் உள்ள 100 × 100 அணியின் அணிக்கோவை 10⁻¹⁰⁰. ஆனால் அதன் நேர்மாறு எளிதாகக் கிடைக்கும், மூலைவிட்டத்தில் 10 போட்டால் போதும். அதையே 400 × 400 ஆக்கினால் 10⁻⁴⁰⁰. வழக்கமான இரட்டைத் துல்லிய எண்ணில் அது அடங்காமல் 0 ஆகவே பதிவாகும். பெரிய அணிகளுக்கு மூலைவிட்ட எண்களைப் பெருக்காமல் அவற்றின் மடக்கைகளைக் கூட்டி, குறியைத் தனியாக வைத்துக்கொள்கிறார்கள். பைத்தானின் நம்பை நூலகத்தில் ஸ்லாக்டெட் என்ற கட்டளை இதையே செய்கிறது. முதலில் குறியைத் தருகிறது, அடுத்து மடக்கையை.